எலுமிச்சைச் சாறு மீனை வேக வைக்குமா?

கடற்கரையில் வலை இழுத்து முடித்ததும் நல்ல பசி. நான்கு சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவோம். மீனைக் குச்சியில் குத்திச் சுடுவோம். தோல் கருகியதும் எடுத்துவிடுவோம். உப்பு தொட்டு, எலுமிச்சம் பழம் பிழிந்து சாப்பிடுவோம்.

எங்கள் மாலை வகுப்பில் இந்தப் பேச்சு வந்தது.

"உள்ளே முள்ளோரம் பச்சையா இருக்குமே அண்ணே?" என்று கேட்டேன்.

"இருந்தா என்ன தம்பி? எலுமிச்சை பிழிஞ்சா வெந்த மாதிரிதான்" என்றார் மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எலுமிச்சைச் சாறு பட்டால் மீன் சதை வெள்ளையாகும். பார்த்தால் வெந்தது போலத் தெரியும். ஆனால் சதைக்குள் புழு இருந்தால் அது சாகாது. மிளகாய்க்கும் அது அஞ்சாது.

நம் தீவுகளுக்குக் கிழக்கே அந்தமான் கடலைத் தாண்டினால் தாய்லாந்து நாடு. அதன் வடகிழக்குப் பகுதியில் 'கோய் பிளா' என்று ஒரு உணவு உண்டு. ஆற்று மீனையும் குளத்து மீனையும் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்துப் பிசைவார்கள். பல தலைமுறைப் பழக்கம் அது.

அந்த மீன்களில் ஈரல் புழுவின் இளம்புழு இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. மனிதர் வயிற்றுக்குள் போனதும் ஈரலின் பித்தக் குழாயில் குடியேறும். அங்கே பத்து ஆண்டுகூட உயிரோடு இருக்கும். பலருக்கு வலியே தெரியாது. பல ஆண்டு கழித்துச் சிலருக்கு அந்தக் குழாயில் புற்றுநோய் வருகிறது. உலகிலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள இடம் அதுதான். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 'இந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும்' என்று அறிவித்தது.

மீனுக்குள் புழு எப்படிப் போனது? நோயுள்ளவர் வெளியில் மலம் கழிக்கிறார். மலத்தில் புழுவின் முட்டை இருக்கிறது. மழைநீர் அதைக் குளத்தில் சேர்க்கிறது. முட்டையை நத்தை தின்கிறது. நத்தைக்குள் வளரும் புழு, பிறகு வெளியே நீந்தி வந்து மீனுக்குள் நுழைகிறது. கக்கூசுக்கும் மீன் சட்டிக்கும் இப்படி ஒரு தொடர்பு! இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு.

நம் நாட்டில் மணிப்பூரில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே சிலர் மலை ஓடை நண்டைப் பச்சையாகவோ அரைகுறையாகச் சுட்டோ சாப்பிட்டார்கள். அவர்களுக்கு இருமல் வந்தது. சளியில் ரத்தம் வந்தது. காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை தின்றார்கள். குணமாகவில்லை. 1980-களில் மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதில் நுரையீரல் புழுவின் முட்டைகள் இருந்தன! இந்த நோய்க்கு பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை உண்டு. டாக்டர் சொல்லும் அளவில் இரண்டு மூன்று நாள் சாப்பிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்தால் அன்றைக்கே போங்கள். வேகாத நண்டோ மீனோ சாப்பிட்டிருந்தால் அதை நீங்களே சொல்லுங்கள். டாக்டருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம். ஆனால் காசநோய் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

"நாம திங்கிறது கடல் மீன்தானே தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டார்.

கடல் மீனிலும் புழு உண்டு அக்கா. அது வேறு வகை. வெள்ளை நூல் போலச் சுருண்டு மீனின் குடலில் கிடக்கும். மீன் செத்த பிறகு சதைக்குள் நகர்ந்துவிடும். ஜப்பானில் பச்சை மீன் சாப்பிட்ட பலருக்கு இந்தப் புழுவால் சில மணி நேரத்திலேயே கடுமையான வயிற்று வலி வந்திருக்கிறது. அதனால் மீனைப் பிடித்ததும் குடலை எடுத்துவிடுவது நல்லது. வீட்டு பிரிட்ஜில் வைத்தால் புழு செத்துவிடும் என்று நம்ப முடியாது.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? நடு முள்ளோரம் சதையைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் இன்னும் வேகவில்லை. முள்ளிலிருந்து சதை தானாகக் கழன்றால் வெந்துவிட்டது. நண்டின் ஓடு சீக்கிரம் சிவந்துவிடும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். உள்ளே சதை கெட்டியாக வேண்டும்.

பச்சை நண்டு வெட்டிய கத்தியால் அப்படியே வெங்காயம் நறுக்குகிறோம். நண்டில் இருந்த புழு கத்தி வழியாக வெங்காயத்துக்கு வந்துவிடும். கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நறுக்குங்கள்.