மாதம் ஒரு ரூபாயிலிருந்து ஐகோர்ட்டு ஆசனத்திற்கு

நமது வடகவுஞ்சியைப் போன்ற பழனிமலைக் கிராமமொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நிலத் தகராறு மூண்டு, மதுரை ஜில்லாக் கோர்ட்டின் தீர்ப்பும் ஒப்பவில்லையானால், அப்பீலுக்குச் சென்னைப் பட்டணந்தான் கதி. (2004-ஆம் ஆண்டில் மதுரையிலேயே ஐகோர்ட்டுக் கிளை ஏற்பட்ட பின்பு அந்த அலைச்சல் நீங்கியது.) 1862-ல் தோன்றிய சென்னை ஐகோர்ட்டில் முதற் பதினாறு ஆண்டுகள் நீதிபதிகள் அனைவரும் ஐரோப்பியரே. கட்சிக்காரனின் முறையீட்டை அவன் மொழியிலேயே உணரவல்ல ஒருவர் அப்பீடத்தில் அமர்ந்தது 1878-ல், அவரே தி. முத்துசாமி ஐயர். கல்கத்தா ஐகோர்ட்டில் சம்புநாத் பண்டிதர் 1863-லேயே நீதிபதியாகிவிட்டார் என்பதைக் கருதினால், சென்னை எவ்வளவு தாமதித்தது என்பது விளங்கும்.

1832-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த முத்துசாமி, இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தான். ஒரு நாள் ஆற்றங்கரை உடைந்ததென்று செய்தி வர, திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அருகில் வேறு ஆளின்மையால், இச்சிறுவனையே அனுப்பினாராம். உடைப்பைப் பற்றி அவன் கொணர்ந்த விவரம் அவ்வளவு துல்லியமாயிருந்ததாம். அந்தத் தாசில்தாரின் ஆதரவினாலேயே அவன் சென்னைக்கு வந்து கல்வி கற்றான். தெரு விளக்கடியில் படித்தார் என்ற கதை எத்தனையோ பெரியோர்களைப் பற்றிச் சொல்லப்படுவது. நம் மாணாக்கர்களுக்கு நாம் எடுத்துக் கூற விரும்புவது அந்த ஆற்றங்கரை விவரத்தையே.

1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு. 1856-ல் தரங்கம்பாடி ஜில்லா முன்சீப். பின் டிப்டி கலெக்டர், மங்களூரில் சப்-ஜட்ஜ், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். ஒரு படியையும் அவர் தாண்டிக் குதித்ததில்லை.

ஆயினும் 1878-ல் ஐகோர்ட்டு ஆசனம் அவருக்குக் கிட்டியதும், ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் சீறி எழுந்தன. ஓர் இந்தியன் அவ்விடத்திற்குத் தகுதியாவனா என்பதே அவற்றின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம்மவர் முனைந்தனர். ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய ஆறு இளைஞர், ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ல் எண்பது பிரதிகள் அச்சிட்டு 'ஹிந்து'வைத் தொடங்கினர். ஒரு நீதிபதியின் நியமனம் ஒரு பத்திரிகையையே பெற்றெடுத்தது! பின்னர் சுப்பிரமணிய ஐயரே தமிழில் 'சுதேசமித்திரன்' கண்டார்.

1891-ல் அமெரிக்காவில் சமஷ்டி அப்பீல் கோர்ட்டுகளை நிறுவச் சட்டம் இயற்றினார்கள். அங்கே ஜனாதிபதி நியமித்துச் செனட் சபை இசைந்தால் ஒருவர் நீதிபதியாகிவிடலாம். அந்நிய அரசர் எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. அதே ஆண்டில் நம் முத்துசாமி ஐயர் மலையாள நாட்டு மருமக்கள் தாயத்தாரின் விவாக முறைகளை ஆராயும் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். அதன் பயனாக 1896-ல் மலபார் விவாகச் சட்டம் வந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1895 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

1893-ல் சில மாத காலம் அவரைத் தற்காலிகப் பிரதம நீதிபதியாக வைத்தனர். 'சர்' பட்டமும் தந்தனர். நிரந்தரப் பதவியைத் தரவில்லை. அவ்வாசனத்தில் ஓர் இந்தியர், பி. வி. ராஜமன்னார், நிரந்தரமாக அமர்ந்தது 1948-ல்தான். ஐகோர்ட்டுக் கட்டிடத்தினுள் முத்துசாமி ஐயரின் சலவைக்கல் சிலை, கால்களில் பாதரட்சையின்றி அமர்ந்திருக்கிறது.