கேபினட்டைத் திறக்காமல் கன்சோல் வாங்காதீர்கள்

எதை வாங்குவது? – தொடர்

2017-ல் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அசெம்பிள்டு சிஸ்டம். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வீட்டில் ஏ.எம்.டி ரைசன் 5 1600 பிராசஸர், பி350 போர்டு. இரண்டாவது வீட்டில் இன்டெல் ஐ5-7400, பி250 போர்டு. இரண்டிலும் 8 ஜிபி ரேம், ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ கார்டு. ஜி.டி.ஏ 5 இரண்டிலும் நன்றாகவே ஓடியது. இன்று அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவிடம் கேட்பது ஒன்றுதான்: “இந்த சிஸ்டத்தையே அப்கிரேடு பண்ணலாமா, இல்ல பிளேஸ்டேஷன் வாங்கிடலாமா?” இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களிலும் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒரு வீட்டுக்கு நஷ்டம்.

காரணம், பிராசஸர் உட்காரும் சாக்கெட். ஏ.எம்.டி தன்னுடைய ஏ.எம்4 சாக்கெட்டை வழக்கத்துக்கு மாறாக நீண்ட காலம் வைத்திருந்தது. 2017-ல் வந்த பி350 போர்டில், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 உட்காரும். பெருந்தன்மையால் நடந்த காரியம் இல்லை இது. 5000 வரிசைக்கு 500 வரிசை போர்டுதான் வேண்டும் என்று 2020-ல் கம்பெனி சொன்னது. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் 400 வரிசைக்கும் வழிவிட்டது. 2022-ல்தான் பி350 அடங்கும் 300 வரிசைக்கும் கதவு திறந்தது. உங்கள் போர்டு கம்பெனி அதற்கான பயாஸை வெளியிட்டிருக்கிறதா என்று மாடல் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். அவசரப்பட்டுப் புதியதை முதலில் மாட்டிவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பழையதைத் திரும்ப மாட்டி ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

இன்டெல் வீட்டுக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய 7-ம் தலைமுறை 2017 ஜனவரியில் கடைக்கு வந்தது. அதே வருடம் அக்டோபரில் 8-ம் தலைமுறை வந்தது. சாக்கெட்டில் அதே 1151 முனைகள்தான், ஆனால் 300 வரிசை போர்டு இல்லாமல் ஓடாது. வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் போர்டு முட்டுச்சந்தில் நின்றுவிட்டது. அதில் அதிகபட்சமாக மாட்டக்கூடியது ஐ7-7700 வகைதான், நான்கு கோர். பழைய மார்க்கெட்டில் அதற்குக் கேட்கும் விலை அதன் தகுதிக்கு மேல். போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலோ, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் 8-ம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ரைசன் 1600-ம் அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் 5600 மாட்டிய அன்றே அந்தப் பிரச்னை தீர்ந்துவிடும்.

கன்சோல் பக்கம் என்ன இருக்கிறது? பிளேஸ்டேஷன் 5-க்குள் இருப்பதும் ஏ.எம்.டி சரக்குதான். எட்டு கோர் பிராசஸர், கிராபிக்ஸுக்கும் பிராசஸருக்கும் பொதுவாக 16 ஜிபி மெமரி, அதிவேக எஸ்.எஸ்.டி. பி.சி கார்டுகளில் சொல்வதானால் ஆர்.எக்ஸ் 6700-ஐ ஒட்டிய பலம். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய். 2024 ஏப்ரலில் வந்த ஸ்லிம் 54,990. மூன்று வருடம் கழித்து விலை ஏறியிருக்கிறது! பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து, 2009-ல் 99 டாலருக்கு இறங்கிய பொருள். அந்த நினைப்பில் ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும், விலை இறங்கும்’ என்று காத்திருக்கும் அப்பாக்களுக்கு: அந்தக் காலம் போய்விட்டது. 2025-ல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் இரண்டு முறையும், பிளேஸ்டேஷன் 5 ஒரு முறையும் விலை ஏறின. இருப்பதிலேயே பலமான பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024-ல் இந்தியாவுக்கு வரவே இல்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி கிடையாது.

சரி, அப்கிரேடு என்றால் எல்லோரும் கார்டைப் பற்றித்தான் பேசுவார்கள். காசு கசியும் இடம் வேறு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. ஒரு அப்பாவும் கல்லூரி மாணவனும் ஆட்டோவில் கேபினட்டைத் தூக்கிவந்து கவுன்டர் மேல் வைத்திருந்தார்கள். புது கார்டு போடவேண்டும். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கார்டு இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. கீழே இருந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பார்த்தார்.

“இது எத்தனை வாட் தம்பி?”

“450 அண்ணா. மேலேயே பெருசா போட்டிருக்கு.”

“அதை விடு. 12 வோல்ட்டுக்கு நேரா எவ்வளவு ஆம்பியர் போட்டிருக்குன்னு படி.” செல்போன் டார்ச்சை லேபிள் மேல் அடித்தார்.

“பதினாறு.”

“பன்னெண்டு பதினாறு?”

பையன் போனைத் தேட, அப்பா சொன்னார்: “நூத்தித் தொண்ணூத்திரெண்டு.”

“அவ்வளவுதான் சார் இதோட உண்மையான பலம். கார்டு மட்டுமே நூத்திமுப்பது கேட்கும். பிராசஸர் தனி.”

“கன்வர்ட்டர் வயர் போட்டா ஓடாதா அண்ணா?”

“ஓடும். ஒரு நாள் கருகுற வாசனை வரும் பாரு, அது வரைக்கும் ஓடும்.”

பழைய 1050 டி.ஐ கார்டு 75 வாட்டுக்குள் ஓடக்கூடியது. போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ்கள் இத்தனை வருடம் மானத்தோடு பிழைத்தன. ஆர்.எக்ஸ் 6600, ஆர்.டி.எக்ஸ் 4060 போன்ற கார்டுகளுக்குத் தனி எட்டு பின் இணைப்பு வேண்டும். நல்ல பிராண்ட் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் நாலாயிரம் ரூபாய் பக்கம் வரும். அப்கிரேடு பட்ஜெட்டில் யாரும் எழுதாத வரி இது.

இப்போது முதல் வீட்டின் கணக்கு. ரைசன் 5 5600 பத்தாயிரத்தை ஒட்டி. கார்டு, எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இருபதிலிருந்து முப்பதாயிரம். எஸ்.எம்.பி.எஸ் நாலாயிரம். 2017 சிஸ்டத்தில் ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்தால் ஒரு எஸ்.எஸ்.டியும் போட்டாக வேண்டும். இன்றைய கேம்கள் ஹார்டு டிஸ்க்கில் திக்கித் திணறும். பழைய பிராசஸரையும் கார்டையும் விற்றால் சில ஆயிரம் திரும்பும். எல்லாம் தோராயக் கணக்கு, கடைக்குக் கடை மாறும். மொத்தத்தில் நாற்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. பிளேஸ்டேஷனைவிடக் கணிசமாகக் குறைவு. 4060 எடுத்தால் படமும் பிளேஸ்டேஷனுக்குச் சளைத்ததாக இருக்காது.

இரண்டாவது வீட்டில் இதே பட்டியலோடு புது போர்டும் சேர்கிறது. டி.டி.ஆர்4 ரேம் ஏற்கும் இன்டெல் 12-ம் தலைமுறை போர்டாகப் பார்த்து எடுத்தால் பழைய ரேமையாவது காப்பாற்றலாம். 2025 கடைசியில் ஏ.ஐ கம்பெனிகள் மெமரியை வாரிக்கொண்டதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிற நிலையில் இது சின்ன விஷயம் இல்லை. அப்படியும் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டும். போர்டு, பிராசஸர், கார்டு, எஸ்.எம்.பி.எஸ், எஸ்.எஸ்.டி எல்லாம் புதிது. பழையதில் மிஞ்சியது ரேமும் தகரப் பெட்டியும். இதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை, தவணை முறையில் புது சிஸ்டம். கேம் ஆடுவது மட்டுமே நோக்கம் என்றால் இந்த வீட்டுக்கு நான் கன்சோலைத்தான் சொல்வேன். பழைய ஐ5-ல் லினக்ஸ் போட்டால் வீட்டுப்பாடத்துக்கு இன்னும் சில வருடம் உழைக்கும்.

கார்டை செகண்ட் ஹேண்டில் எடுத்துக் கணக்கைக் குறைக்கலாமே என்பார்கள். குறைக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பர் 15 வரை எத்தீரியம் கிரிப்டோ நாணயத்தைத் தோண்ட உலகமெங்கும் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். அன்று அந்த முறை மாறியதும் அவற்றில் பல பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபேனும் மெமரியும் அதிகம் உழைத்திருக்கும், அவ்வளவுதான். கடையிலேயே மாட்டி, கால் மணி நேரம் கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். இன்னொரு பொறி, மலிவாகக் கிடைக்கும் ‘ஆர்.எக்ஸ் 580’. அசல் 580-ல் ஷேடர்களின் எண்ணிக்கை 2304. சீனச் சந்தைக்கென்று 2018-ல் வந்த ஒரு வகையில் 2048 மட்டுமே. அது பெயர் மாற்றிய 570. ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் எண் பளிச்சென்று தெரியும். அதேபோல் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி விலை பார்த்தால் கை அரிக்கும். அது போர்டோடு நான்கு வழித்தடத்தில் மட்டும் பேசும் கார்டு. 2017 காலத்துப் போர்டுகளில் அந்தத் தடத்தின் வேகமும் பாதி என்பதால் பல கேம்களில் தடுமாறும்.

வாங்கிய பிறகு ஆகும் செலவில்தான் கன்சோலின் கணக்கு வேறாகிறது. எக்ஸ்பாக்ஸ் பெட்டியை ஒருபோதும் லாபத்துக்கு விற்றதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே 2021-ல் எபிக், ஆப்பிள் வழக்கில் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். டிக்கெட்டில் விட்டதை பாப்கார்னில் பிடிக்கும் தியேட்டர் வியாபாரம் இது. கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் கன்சோல்காரருக்குப் போகிறது. சோனியின் சொந்தப் பெரிய கேம்கள் இங்கே 4,999 ரூபாய். காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும்; ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு மட்டும் விலக்கு. தம்பியோ தங்கையோ இருந்தால் கூடுதலாக ஒரு கன்ட்ரோலர், ஆறாயிரம் பக்கம்.

பி.சியில் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தனிச் சந்தா கிடையாது. ஸ்டீமில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளுபடி போடுகிறார்கள். ஒரு வருடம் பொறுத்தால் பெரிய கேம்களே பாதி விலைக்கு இறங்கிவிடும். எபிக் கடை 2018-ல் இருந்து கேம்களை இலவசமாகவே தந்துவருகிறது. 2020 மே மாதம் ஜி.டி.ஏ 5-ஐயே சும்மா கொடுத்தது. மூன்று நான்கு வருடம் ஆடுகிற பையனுக்கு இந்த வித்தியாசம் ஒரு கார்டின் விலைக்கு வந்து நிற்கும்.

கன்சோல் பக்கம் ஒரு பதில் உண்டு, டிஸ்க். ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். ஸ்டீமில் வாங்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது. அதனால்தான் பத்தாயிரம் குறைவு என்று டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடலை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நாலைந்து டிஸ்க் கைமாற்றினாலே அந்தப் பத்தாயிரம் வந்துவிடும்.

பிள்ளை என்ன ஆடுகிறது என்பதையும் கேளுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் என்றால் பழைய சிஸ்டமே ஓரளவு தாங்கும். கன்சோல் பேச்சே வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாமல் தொடங்கவே தொடங்காது. பி.சிக்காரர் இப்படித் திடீரென்று வெளியே நிறுத்தப்படலாம். கன்சோலில் அந்த பயம் குறைவு: 2014 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 4-ல், 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக் ஓடியது. ஜி.டி.ஏ 6-க்காகத்தான் இத்தனை பரபரப்பு என்றால், ராக்ஸ்டார் அதை பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் அறிவித்திருக்கிறது. பி.சிக்குத் தேதி சொல்லவில்லை. முந்தைய பாகம் கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பி.சிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அவ்வளவு நாள் பொறுக்க மாட்டேன் என்பவரிடம் நான் கார்டு கணக்கெல்லாம் பேசுவதில்லை.

வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை, பிள்ளை அடுத்த ஜூனில் கல்லூரி சேரப்போகிறது என்றால் பி.சிதான். ‘படிக்கத்தான்பா கார்டு’ என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி கதை என்பது அப்பாக்களுக்குத் தெரியும். மீதிப் பாதி உண்மை. பிளெண்டரும் வீடியோ எடிட்டிங்கும் அதே கார்டில்தான் ஓடப்போகின்றன.

கன்சோல் என்று முடிவெடுத்துவிட்ட வீடுகளுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. “இதுக்காக டி.வியையும் மாத்தணுமாம் சார், கடையில சொல்றாங்க.” மாற்ற வேண்டியதில்லை, இருக்கிற 60 ஹெர்ட்ஸ் டி.வியிலேயே நன்றாக ஓடும். அட்டைப்பெட்டி மேல் ‘120’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே, அது எப்போது நிஜம், எப்போது ஜோடனை என்பது அடுத்த வாரம்.