படியாள் மரபும் ஒரு நாவலும்

திருவெண்ணெய்நல்லூர் என்ற பெயரைக் கேட்டவுடன் சைவ அன்பர்களின் நெஞ்சில் எழுவது, மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரராகிய சுந்தரரை, வயது முதிர்ந்த வேதியராய் வந்த இறைவன் தமக்கு அடிமை என்று வழக்காடித் தடுத்தாட்கொண்ட புண்ணிய சரித்திரம். பக்திக் கண்ணோடு படிப்பவர்க்கு அது பரமனுடைய திருவிளையாடல். சமூக சரித்திரத்தைத் தேடிப் படிப்பவர்க்கோ அது அக்காலத்து வழக்கம் ஒன்றையும் காட்டித் தருகிறது. பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை பேரனையும் கட்டுப்படுத்தும் என்பதில் அந்தச் சபையில் எவருக்கும் ஐயம் எழவில்லை. அந்தணன் ஒருவன் மற்றோர் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ என்பதுதான் வியப்பாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்த வரலாற்றைப் பாடியபோது, பிற குலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்பட்டுக் கிடப்பது தமிழ்நாட்டில் வியப்புக்குரிய விஷயமாக இருக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அந்தத் திருவெண்ணெய்நல்லூரை அடுத்து, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், இருவேல்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணாக்கர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலமும் கடனும் கூலியும் அங்கே எவ்வாறு நடைபெறுகின்றன என்று எழுதி வரச் செய்து, அவற்றை 1918இல் நூலாக வெளியிட்டபோது, தென்னார்க்காட்டு ஊராக அதில் இடம்பெற்றது இருவேல்பட்டு. அங்கே படியாள் என்று ஒரு பிரிவினர் இருந்தனர். கலியாணச் செலவுக்கென்று நிலக்காரரிடம் கடன் வாங்கி, அதைத் தீர்க்கும் வரையில் அவருக்கே உழைப்பதாக ஒப்புக்கொண்டவன் படியாள். அந்தக் கடன் தீர்வதே இல்லை. தகப்பனுக்குப் பின் மகன் தலையில் இறங்கும். நிலத்தை விற்றாலோ நிலக்காரர் மறைந்தாலோ, நிலத்தோடு படியாளும் அடுத்தவர் கைக்குப் போவான். சுந்தரர் கிழித்தெறிந்த ஓலைக்கும் இந்தக் கடனுக்கும் நெடுங்கால இடைவெளி உண்டு. உள்ளிருக்கும் நியாயம் ஒன்றுதான்.

இத்தனைக்கும் அடிமை முறை அப்போது சட்டப்படி ஒழிந்திருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவன்மேல் மற்றொருவன் கொண்டாடும் அடிமைப் பாத்தியதையை எந்த நீதிஸ்தலமும் அங்கீகரிக்கலாகாது என்று விதித்தது. 1860இன் தண்டனைச் சட்டம் அடிமையாக ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால், விடுதலை பெற்றவன் நிற்பதற்கு ஒரு சாண் நிலமும், குடிசை போடும் மனைக்கட்டும்கூட அவனுக்குச் சொந்தமில்லாதபடியால், ஓலை போன இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹியர் ஆதிதிராவிட மக்களின் இந்த அவல நிலையை 1891இல் விரிவாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பியதன் பயனாகவே, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் பெரும்பகுதி பின்னர் கைவிட்டுப் போனது மற்றொரு துயரக் கதை.

அடிமைத்தளை போன இடத்தில் கடன் வந்து உட்காரும் இதே கதை அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. 1865இல் அடிமைத்தளை அறுந்த பின்னும், நிலமற்ற கறுப்பு மக்கள் பழைய எஜமானர்களின் பருத்திக் காட்டிலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கினர். தலைநிமிர்ந்து நடந்தவர்களைக் கும்பல் கூடி மரத்தில் தூக்கிலிட்டது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் மராட்டியில் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பு மக்களின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். கடல் கடந்த அந்தக் கொடுமையில் நம் நாட்டுக் கொடுமையின் சாயலை அன்றே கண்டவர் அவர். அடிமை வாழ்வு ஒழிந்த பின்னும் அதன் தழும்பு ஒரு தாயின் உள்ளத்தில் எப்படி ரணமாகவே இருக்கிறது என்பதை டோனி மாரிசன் 1987இல் 'பிலவ்டு' என்ற நாவலில் எழுதினார். நம் மண்ணில் அத்தகைய நாவல் எது என்று என்னைக் கேட்டால், 1994இல் க்ரியா வெளியிட்ட இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என்று தயங்காமல் சொல்வேன்.

இமையம் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் மைந்தர். அந்த ஜில்லாவை 1993இல் இரண்டாகப் பிரித்தார்கள்; ஒரு கூறு பின்னர் கடலூர் என்றும் மறு கூறு விழுப்புரம் என்றும் பெயர் பெற்றன. ஆகையால் அவர் காட்டும் காலனியும் களத்துமேடும் விழுப்புரத்தாருக்கு அந்நியமானவை அல்ல. நாவலின் நாயகி ஆரோக்கியம். அவள் கணவன் சவுரி. அவர்கள் புதிரை வண்ணார் குலத்தவர். ஆதிதிராவிடர்களுக்குத் துணி வெளுக்கும் குடி. ஊர் யாரைத் தீண்டாமல் ஒதுக்கியதோ அவர்களாலேயே ஒதுக்கப்பட்டவர்கள். பொழுது சாய்ந்தபின் ஆரோக்கியம் பாத்திரத்தை ஏந்தி வீடு வீடாகச் சென்று வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள்; யார் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ, எந்த மருமகள் எந்த மனநிலையில் இருக்கிறாளோ, அதற்குத் தக்கபடி ஒரு பிடி சோறு விழுகிறது; எல்லார் வீட்டுக் குழம்பும் அந்த ஒரே பாத்திரத்தில் கலக்கின்றன. பிறப்புக்கும் சாவுக்கும் அவள் வேண்டும். அறுவடைக் களத்தில் தானியம் அளக்கும்போது மட்டும் அவள் பங்கு ஒவ்வோர் ஆண்டும் பேச்சுக்குரியதாகிறது.

இந்த நாவலின் மகத்துவம் என்று நான் கருதுவது, ஆரோக்கியத்தைக் கலகக்காரியாக ஆக்காமல் விட்டதுதான். அவள் அந்த ஊரை நேசிக்கிறாள். அந்தச் சோற்றைத் தன் உரிமை என்றே எண்ணுகிறாள். காசுக்கு வெளுக்கும் கடையும் தையல் யந்திரமும் வந்து தன்னுடைய இடம் பறிபோகும்போது, தளை விலகுகிறது என்று மகிழாமல், உலகமே கைவிட்டதாக ஓலமிடுகிறாள். தளைப்பட்டவரின் மனத்துக்குள்ளேயே அந்தத் தளைக்கு ஒரு பீடம் அமைத்து வைத்திருப்பதுதான் அடிமைத்தனத்தின் ஆழமான கொடுமை. அதைச் சட்டப் புத்தகமும் விசாரணை அறிக்கையும் காட்ட இயலாது, நாவலாசிரியனே காட்ட முடியும். அவள் மகள் மேரிக்கு அந்தக் காலனி ஆண் ஒருவனாலேயே நேரும் பலாத்காரமும், அதை எந்தப் பஞ்சாயத்திலும் எடுத்துச் சொல்ல முடியாமல் தாயும் மகளும் விழுங்கிக்கொள்ளும் மௌனமும், படித்தவர் நெஞ்சை விட்டு அகலமாட்டா.

நூல் வெளிவந்தபோது சுந்தர ராமசாமி போன்றவர்கள் அதை மனமுவந்து போற்றினார்கள். தலித் சிந்தனையாளர் சிலரோ, ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இப்படி வெட்ட வெளிச்சமாக்குவது ஆதிக்கசாதியாருக்கே அனுகூலமாகும் என்று கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தின் பின்னால் இருந்த வேதனையை நான் மதிக்கிறேன். ஆயினும் அதை ஏற்க என்னால் இயலவில்லை. துவேஷம் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகிறது என்றும், கடைசிப் படியில் நிற்பவர்களை எவரும் எண்ணுவதுகூட இல்லை என்றும் அந்த நாவலே நமக்கு அறிவித்தது. புதிரை வண்ணாருக்கென்று தமிழக அரசு நலவாரியம் அமைத்தது 2009இல்தான். நாவல் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

இனி, நாவலை விட்டு விழுப்புரம் நகரத்துக்கு வருவோம். 1978 ஜூலை மாதத்தின் பிற்பகுதியில், கடைவீதியில் மூண்ட ஒரு சச்சரவு சாதிக் கலவரமாக வெடித்து, ஆதிதிராவிடர் 12 பேர் கொல்லப்பட்டனர். பெரிய காலனியில் வீடுகள் தீக்கிரையாயின. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. 1968 டிசம்பரில் 44 உயிர்களைப் பறித்த கீழ்வெண்மணியைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு விழுப்புரத்தை நினைவில் வைக்கவில்லை என்பது என் மனக்குறை.

விழுப்புரத்துக் கொலைகள் நிகழ்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இது பண்ணையார் ஒருவர் ஏகபோகமாக ஆண்ட கிராமம் அன்று. நான்கு திசையிலிருந்தும் இரயில் வந்து கூடும் சந்திப்பு. மூட்டை தூக்கினாலும் வண்டி இழுத்தாலும் அன்றைக்கன்றே காசு கையில் கிடைக்கும் வியாபார ஸ்தலம். கிராமத்துப் படியாளின் பிள்ளையும் பேரனும் நிலக்காரரின் தயவு வேண்டாதபடி பிழைக்க வந்த இடம் இத்தகைய நகரந்தான். அப்படி வந்தவன் கடைவீதியில் தன் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த அவமரியாதையைத் தட்டிக் கேட்கத் துணிவானானால், பழைய ஒழுங்கில் பழகிய மனத்துக்கு அது பொறுக்காது. ஆட்பட்டுக் கிடந்தவரை அடிப்பதற்குக் கும்பல் தேவைப்பட்டதில்லை. நிமிர்ந்தவரை அடிக்கத்தான் கும்பல் கூடுகிறது. அமெரிக்கத் தென்பகுதியிலும், வெண்மணியிலும், விழுப்புரத்திலும் நான் காண்பது இந்த ஒன்றையே.

விழுப்புரத்திலிருந்து வடக்கே திண்டிவனத்துக்குப் போனால், இன்னும் நிமிர முடியாதபடி வைக்கப்பட்டிருப்பவர்களைக் காணலாம். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நாலைந்து குடிசைகளாக வாழும் இருளர்கள் தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகளாக அரசு கணக்கிட்டுள்ள ஆறு பிரிவினரில் ஒருவர். மரம் வெட்டிக் கரி சுடவும், அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கவும், கரும்பு வெட்டவும், சேம்பர் என்று அவர்கள் சொல்லும் செங்கல் சூளையில் கல் அறுக்கவும் அவர்களை மேஸ்திரிகள் அழைத்துப் போகிறார்கள். போகுமுன் ஒரு முன்பணம். பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கோ கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கியதாக இருக்கும். பின்னிரவில் எழுந்து, கணவன் மண்ணைக் குழைக்க, மனைவி அச்சில் அடித்து வரிசையாகப் போட, குழந்தைகள் காய்ந்த கல்லைத் திருப்பிவைக்கும் அந்த வேலைக்குக் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு; ஆனால் வாரம்தோறும் கையில் வருவது அரிசி பருப்புக்கான செலவுக் காசு மட்டும். மழைக்கு முன் கணக்குப் பார்க்கும் நாளில் கடன் குறைந்திருக்காது. இருவேல்பட்டுப் படியாளின் கடன் எப்படித் தீராமல் நின்றதோ, அப்படியே இதுவும் நிற்கிறது. நடுவில் எவராவது ஓடிப்போனால், மீதியிருப்பவரைப் பிணையாகப் பிடித்துவைக்கும் முதலாளிகளும் உண்டு.

திண்டிவனத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக இந்த மக்களுக்காகப் பல்லாண்டுகள் பாடுபட்டு வருபவர். செய்யாத திருட்டைச் சுமத்திக் காவல்நிலையத்தில் அடைபட்டவர்களுக்காகவும், சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கிடைக்காதவர்களுக்காகவும், கொத்தடிமையாகக் கிடந்தவர்களுக்காகவும் அந்தச் சங்கத்தார் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இங்கே இருவேல்பட்டில் பின்னர் நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ் முதலியவர்களும் அவ்வூரை மீண்டும் ஆராய்ந்தார்கள். பழைய படியாள் முறை அங்கே மறைந்து, உழைப்பாளர்கள் வெளியூர் வேலைகளுக்குச் செல்லும் காலம் வந்துவிட்டிருந்தது. ஓர் ஊரில் ஒழிந்தது என்பதால் எங்கும் ஒழிந்தது என்று ஆகிவிடாது; ஆனால் ஒழிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதற்குரிய சட்டமும் கையில் இருக்கிறது. 1976இன் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காகக் கட்டுண்ட தொழிலாளியின் கடன் அந்தக் கணமே இல்லாது போகிறது. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையதே தவிர, உழைத்தவருடையது அன்று. விடுவிக்கும் அதிகாரமும் கடமையும் மாவட்ட ஆட்சியருக்கும் அவர் நியமிக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை. விடுதலைச் சான்று பெற்றவர்களுக்கு மறுவாழ்வு நிதியும் உண்டு. இவற்றில் ஒன்றையும் அறியாத குடும்பங்கள் சூளைகளிலும் ஆலைக் களங்களிலும் இருக்கின்றன. நீங்கள் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வசிப்பவரானால், உங்கள் ஊரெல்லையில் அத்தகைய குடும்பத்தை அறிவீர்களானால், கோட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையால் ஒரு பக்கம் எழுதினால் போதும்.