அதிகார பத்திரமும் அதன் ஆயுளும்

தென்காசி, செங்கோட்டைத் தாலுகாக்களில் ஆனி மாதச் சாரல் தொடங்கிக் குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகியவுடன், சிற்றாற்றுப் பாசன வயல்களில் கார் சாகுபடி வேலைகள் மும்முரமாகும். சங்கத்துப் பயிர்க்கடன், விதை, உரம், பயிர்க் காப்பீடு முதலிய பலவற்றிற்கும் நிலத்தின் சொந்தக்காரருடைய கையெழுத்து வேண்டியிருக்கும். பருவமோ ஒருவருக்காகவும் காத்திராது. அச்சமயத்தில் சொந்தக்காரர் நோயுற்றுப் படுத்துவிட்டாலும், முதுமையினால் நினைவு தடுமாறிவிட்டாலும், அவர் பெயரால் காரியம் பார்க்கத்தக்கவர் யார் என்ற கேள்வி எழும். பிள்ளைகள் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் உத்தியோகம் பார்க்க, முதியோர் மட்டும் நிலத்தோடு தங்கியிருக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் அநேகம். ஆதலால் இவ்விஷயத்தை நிலச்சுவான்தார்கள் முன்னதாகவே ஆலோசித்து வைத்தல் அவசியமாகும்.

“பவர் எழுதி வைத்தாயிற்று, இனிக் கவலை இல்லை” என்று சொல்வோர் பலர். அப்பத்திரத்திற்கு எவ்வளவு ஆயுள் உண்டு என்பதை விசாரித்து அறிந்தவர் சிலரே. எதற்காகப் பத்திரம் எழுதப்பட்டதோ அந்த ஆபத்து வரும் நாளிலேயே அது செல்லாமற் போகக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதிகார பத்திரம் என்பது யாது?

ஒருவர் தாம் செய்யக்கூடிய காரியங்களைத் தமக்காகச் செய்யும்படி மற்றொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுப்பதே அதிகார பத்திரம். முன்னாளில் முக்தியார்நாமா என்றும், இக்காலத்தில் பவர் பத்திரம் என்றும் இது வழங்கும். கொடுப்பவரை முதல்வர் என்றும், பெறுபவரை ஏஜெண்டு என்றும் கூறுவர். ஒரே ஒரு காரியத்திற்குக் கொடுப்பது தனி அதிகாரம். பல காரியங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது பொது அதிகாரம்.

இப்பத்திரத்தினால் சொத்து ஏஜெண்டுக்குச் சொந்தமாகிவிடாது. அவர் செய்வன யாவும் முதல்வர் செய்தனவாகவே கருதப்படும். பணம் கொடுத்துக் கிரய பத்திரத்திற்குப் பதிலாகப் பவர் பத்திரம் மட்டும் பெற்றுக்கொண்டால் நிலம் வாங்கியதாக ஆகாது என்று 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. நிலம் வாங்குவோர் இதை மறத்தலாகாது.

உடல் தளர்வு வேறு, அறிவுத் தளர்வு வேறு

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆவது பிரிவின்படி, முதல்வர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் ஏஜெண்டின் அதிகாரம் முடிவடைகிறது. அருவியில் நீர் நின்றால் வாய்க்காலிலும் நீர் நின்றுவிடுவது போல, முதல்வரின் சக்தி அற்றவிடத்து ஏஜெண்டின் சக்தியும் அற்றுப்போகும்.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். ஒரு குடியானவருக்குப் பாரிசவாயு கண்டு கைகால் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நினைவு தெளிவாக இருக்குமானால், முன் எழுதிய பத்திரம் குறைவின்றிச் செல்லும். புதிதாக எழுதவும் அவருக்குத் தடையில்லை. கையெழுத்திட இயலாவிடில் பெருவிரல் ரேகை வைக்கலாம். அலுவலகம் வர இயலாத நோயாளியின் வீட்டிற்கே பதிவு அதிகாரி வந்து பதிவு செய்வதற்கும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு.

அதே குடியானவர் உடல் நலத்தோடு நடமாடியும், மறதி நோயினால் தம் நிலம் எது, பிள்ளை யார் என்று அறியாத நிலையை அடைந்துவிட்டால், பத்திரம் உயிரிழந்துவிடும். அறிவு ஒரு சமயம் தெளிந்தும் ஒரு சமயம் கலங்கியும் இருப்பவர், தெளிந்த சமயத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று மேற்படி சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. ஆயினும் அத்தெளிவைப் பிற்காலத்தில் நிரூபிக்க நேரின் வழக்கு வளரும். ஆகவே முதியவர் பத்திரம் எழுதும் நாளிலேயே, அவர் நல்ல நினைவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று பெற்று வைத்தல் நலம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதிகாரத்திற்கு உட்பட்ட சொத்தில் ஏஜெண்டுக்கே சொந்த சம்பந்தம் இருப்பின், 202-ஆவது பிரிவின்படி அவ்வதிகாரம் எளிதில் முடிவுறாது. கடன் கொடுத்தவருக்கு நிலத்தை விற்று அத்தொகையிலிருந்து தம் கடனை எடுத்துக்கொள்ளும்படி அதிகாரம் கொடுப்பது இதற்கு உதாரணம். மகன் என்பதாலோ, நாளை வாரிசாவார் என்பதாலோ அத்தகைய சம்பந்தம் உண்டாகிவிடாது. “ரத்து செய்ய முடியாதது” என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது.

பிற நாடுகளில் உள்ள ஏற்பாடு

அறிவு தவறிய பின்னும் நிலைத்து நிற்கும் அதிகார பத்திரத்திற்கு இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் இடமளித்தது. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்கீழ் 2007 முதல் அங்கே புதுமுறைப் பத்திரம் வழக்கத்திற்கு வந்தது. அதை வழக்கறிஞர் இன்றியே எழுதலாம். ஆயினும் எழுதுபவர் பொருளுணர்ந்து எழுதுகிறார் என்று தகுதியுள்ள ஒருவர் சான்று அளிக்க வேண்டும். பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். சிங்கப்பூரிலும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இதையொத்த ஏற்பாடு உண்டு. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் அதிகார பத்திரச் சட்டம் இருப்பினும், அதில் இத்தகைய ஏற்பாடு இல்லை. லண்டனிலோ சிங்கப்பூரிலோ வாழும் மக்கள் அந்நாட்டுப் படிவத்தை அனுப்பித் தந்தையிடம் கையெழுத்து வாங்கினாலும், தென்காசி நிலத்திற்கு இந்தியச் சட்டமே பொருந்தும்.

பத்திரம் எழுதும் முறை

குறைந்த ஆயுளுடையதாயினும் இப்பத்திரம் மிகவும் உபயோகமானது. எழுதும்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. நம்பிக்கையும் நேர்மையும் உள்ளவராய், அடிக்கடி நிலத்தைப் பார்க்கக்கூடியவராய் உள்ள ஒருவரையே ஏஜெண்டாக நியமிக்க வேண்டும். தொலைதூரத்தில் உள்ள மூத்த மகனினும் பக்கத்து ஊரிலுள்ள மகள் மேலாகக்கூடும்.

2. கிராமம், சர்வே எண், விஸ்தீரணம், எல்லைகள் ஆகியவற்றைப் பட்டாவுடன் ஒப்பிட்டு எழுத வேண்டும்.

3. அதிகாரங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். தீர்வை செலுத்துதல், குத்தகை வசூலித்தல், பயிர்க்கடன் பெறுதல், விளைபொருள் விற்றல், நில அளவைக்கு மனுச் செய்தல், வழக்கு நடத்துதல் என விவரித்தல் நன்று. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் சொற்களுக்கு உட்பட்டே பொருள் கொள்ளும். நிர்வகிக்கும் அதிகாரத்தில் விற்கும் அதிகாரம் அடங்காது.

4. விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் கொடுக்க விருப்பமில்லையேல், அதைத் தெளிவாக மறுத்து எழுத வேண்டும்.

5. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்க்க வேண்டும்.

6. 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தின்படி, நிலம், வீடு முதலிய ஸ்தாவர சொத்துக்களைப் பற்றிய அதிகார பத்திரங்கள், வெளிநாட்டில் எழுதப்பட்டவை நீங்கலாக, கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுவனவாதலால், எழுதுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

7. நிலத்தின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பின், அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்பாக எழுதி அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

8. ஏஜெண்டின் மீது நம்பிக்கை குறைந்தால், ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதோடு, ஏஜெண்டுக்கும், அவருடன் கொடுக்கல் வாங்கல் உள்ள வங்கி, சங்கம் முதலியவற்றிற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத வரையில், விஷயம் அறியாமல் அவருடன் நடந்துகொண்ட பிறரைச் சட்டம் பாதுகாக்கும்.

வக்கீல் அவசியமா?

அதிகார பத்திரத்தை வக்கீலே எழுத வேண்டும் என்ற விதி இல்லை. சொந்தக்காரர் தாமே எழுதலாம்; உரிமம் பெற்ற பத்திர எழுத்தரைக் கொண்டும் எழுதலாம். பதிவுத்துறையார் மாதிரிப் படிவங்களும் வெளியிட்டுள்ளனர். தீர்வை, குத்தகை, கடன் போன்ற நிர்வாகக் காரியங்களுக்கு இம்முறை போதுமானது. ஆனால் பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலம், வழக்கில் உள்ள நிலம், விற்பனை அதிகாரம், பலர் பெயரிலுள்ள பட்டா ஆகியவற்றில் வக்கீலின் ஆலோசனைக்குக் கொடுக்கும் சொற்பத் தொகை வீண் போகாது.

நினைவு தவறிய பின் உள்ள வழி

முன்னேற்பாடு ஒன்றும் செய்யாமல் சொந்தக்காரர் அறிவிழந்துவிட்டால், குடும்பத்தார் நீதிமன்றத்தையே நாட வேண்டியவர் ஆவர். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க ஜில்லா நீதிமன்றம் ஏற்பாடு செய்வதற்கு விதிகள் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சையைப் பற்றி விரிவாகக் கூறுகிறதேயன்றிச் சொத்து நிர்வாகத்தைப் பற்றிக் கூறவில்லை. அச்சட்டப்படி ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்து வைப்பது வைத்தியத்திற்கு உதவும், நிலத்திற்கு உதவாது.

ஆதலால் உயர்நீதிமன்றங்கள் தமக்குரிய தனி அதிகாரத்தைக் கொண்டு உதவி வருகின்றன. நினைவிழந்து கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் முறையைக் கேரள உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் வகுத்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், நினைவின்றிக் கிடந்த ஒருவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்து, வைத்தியத்திற்கும் குடும்பச் செலவிற்குமாக அவர் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற தொகையில் 50 லட்சம் ரூபாயை நோயாளியின் பெயரில் வைப்பாக வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. தென்காசி ஜில்லாவாசிகள் இதற்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுக வேண்டும். வழியுண்டு என்பது ஆறுதலே. ஆயினும் மருத்துவ அறிக்கையும், உறவினர் சம்மதமும், வக்கீல் செலவும், காலமும் வேண்டும். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது இவற்றைத் தேடி அலைவது எளிதன்று.

அறிவு தெளிவாக இருக்கும்போதே செய்யத்தக்கவை

அதிகார பத்திரத்தை மட்டும் நம்பியிராமல், பின்வருவனவற்றில் குடும்ப நிலைக்கு ஏற்றதைத் துணையாகச் செய்துகொள்ளலாம்.

முதலாவது, பூர்வீக நிலத்தைப் பாகப்பிரிவினை செய்து, அவரவர் பெயருக்குத் தனிப்பட்டா மாற்றிக்கொள்ளுதல். பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரிலேயே இருப்பின், தந்தையின் நோயினால் அப்பங்கின் சாகுபடி நிற்காது.

இரண்டாவது, செட்டில்மெண்டு பத்திரம். நிலத்தின் உரிமையை உடனே பிள்ளைக்குக் கொடுத்து, ஆயுட்கால அனுபோகத்தைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொடுத்ததை மனம் மாறித் திரும்பப் பெறுதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே தம்மையும் தம் மனைவியையும் பராமரிக்க வேண்டும் என்ற ஷரத்தைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அவ்வாறு எழுதியும் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் அப்பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

மூன்றாவது, உயில். இது இறந்த பின்னரே செயற்படும். உயிரோடு அறிவிழந்து கிடக்கும் காலத்திற்கு உதவாது. இரண்டு சாட்சிகளின் கையொப்பம் அவசியம்; பதிவு கட்டாயமில்லை எனினும், செய்துவைத்தல் பிற்கால வழக்குகளைக் குறைக்கும்.

நான்காவது, அன்றாடச் செலவிற்கு மனைவி அல்லது மக்களில் ஒருவருடன் வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்தல். ஒருவருக்கு நினைவு தவறினால் மற்றவர் பணம் எடுக்கலாமா என்பதைக் கணக்குத் தொடங்கும்போதே அவ்வங்கியில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஏஜெண்டு எழுதிக் கொடுக்கும் கிரய பத்திரத்தைப் பதிவு செய்யும்போது, முதல்வர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது. முதல்வரை நேரில் காணாமல், ஏஜெண்டின் வார்த்தையை நம்பிச் சான்றளிப்பது பெருந்தீங்கிற்கு இடமாகும். முதல்வர் இறந்தது தெரிந்த பின், ஏஜெண்டின் மனுவை ஏற்றுப் பட்டா மாற்றத்திற்குச் சிபாரிசு செய்தலும் கூடாது. வாரிசுதாரர்களே மனுச் செய்ய வேண்டும். முதல்வர் இறந்ததை மறைத்து ஏஜெண்டு நிலத்தை விற்றால், வாங்கியவரும் வாரிசும் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏற நேரிடும். இடையே நிலம் தரிசாகும்.

ஏஜெண்டுகளுக்கும் ஒரு கடமை உண்டு. முதல்வர் இறந்தாலோ அறிவிழந்தாலோ, அதுவரை தம் வசமிருந்த சொத்தைப் பாதுகாக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 209-ஆவது பிரிவு விதிக்கிறது. நின்ற பயிரை அறுத்துக் களம் சேர்த்து, கணக்கு வைத்து, உரியவரிடம் ஒப்படைத்தல் அவர் கடமை. நிலத்தை விற்றல் அவருக்கு உரிமையன்று.

மடை உடையுமுன் கரையைப் பலப்படுத்துவதே உழவர் வழக்கம். அவ்வாறே, நினைவும் சொல்லும் தெளிவாக உள்ள காலத்திலேயே பட்டா, மூலப் பத்திரங்கள், கடன் விவரம் ஆகியவற்றை ஒருங்கு சேர்த்து, மனைவி மக்களை உடன் வைத்து ஆலோசித்து, ஏற்ற பத்திரங்களை எழுதிப் பதிவு செய்துவைப்பது ஒவ்வொரு நிலச்சுவான்தாரின் கடமையாகும்.