பறை அடிப்பவர் முகம் எங்கே?

தமிழ் சினிமாப் பாட்டில் பறைக்குப் பெரும்பாலும் இரண்டே இடம்தான். ஒன்று சாவு வீடு, இன்னொன்று சாராயக் கடை. லுங்கியை மடித்துக் கட்டிய கலைஞர் கதாநாயகனுக்குப் பின்னால் நின்று வியர்க்க வியர்க்க அடிப்பார். அவர் முகத்துக்கு அருகில் கேமரா போகாது. பார்த்துப் பழகிவிட்டதால், யாரோ ஒருவர் திட்டமிட்டு அவரை அங்கே நிறுத்தினார் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள், தெரியும்.

இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானா பாடுகிறவர்கள் கோட் சூட்டில் வந்து நின்றார்கள். கானாவுக்கு எதற்குக் கோட்டு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது; முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடத் தடைதான். நம் தெருமுனைச் சிலையில் அண்ணல் அணிந்திருக்கும் கோட்டு இந்தத் தடைகளுக்கெல்லாம் பதில். மேடையில் கலைஞர்கள் போட்டதும் அதைத்தான்.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இன்னொரு வழியில் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பாடலை எடுத்தார் அறிவு. அந்தப் பாட்டியே காணொளியிலும் வருகிறார். இசைக் காணொளியில் கிழவிக்கு என்ன வேலை என்று நினைக்கும் உலகம் இது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாடலைப் பாடிய தீ இருந்தார், எழுதிப் பாடிய அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

பஞ்சாபில் கதை வேறு. அங்கே ஜாட் பெருமைப் பாடல்களில் துப்பாக்கியும் டிராக்டரும் பெரிய காரும்தான் அடையாளம். அதற்குப் பதிலாக எழுந்த சமார் பாப் பாடல்கள் பலவும் அதே காரையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டன. ஜலந்தரின் கின்னி மாஹி அண்ணலையும் குரு ரவிதாஸையும் பாடித் தன் பெயரை நிலைநிறுத்தினார்.

நம் சேரி இளைஞர்கள் திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் எடுக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது பஞ்சாப்தான் நினைவுக்கு வருகிறது. எதிர்த்தெருக்காரர் தூக்கிய அதே அரிவாள், அதே பைக் ஊர்வலம், அதே மீசை முறுக்கல். கொடியின் நிறம் மட்டும் நீலம். கோபம் நியாயமானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் பெண்கள் அந்தக் காணொளிகளில் பெரும்பாலும் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க மட்டுமே வருகிறார்கள்.