மாதவிடாய் நிற்கும் பருவம்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதையொட்டி நிகழ்கிறது. மேலை நாடுகளில் ஏறத்தாழ 51. அறிகுறிகளோ சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கும். ஆகவே 43 வயதில் திடீரென முகமும் கழுத்தும் தகித்து, நள்ளிரவில் வியர்த்து விழிப்பு வந்தால் வியப்பதற்கில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுவதே காரணம். பருத்தி உடை, காற்றோட்டமான படுக்கையறை, மாலைக் காபியைத் தவிர்த்தல் ஆகியன ஓரளவு உதவும். உறக்கம் நாள்தோறும் கெடுமாயின் ஹார்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதன்று. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. படபடப்பும் சோர்வும் தைராய்டுக் கோளாற்றாலும் வரக்கூடும். ஓர் இரத்தப் பரிசோதனை அந்த ஐயத்தைத் தீர்க்கும்.

எதனையும் ‘வயதின் கோளாறு’ என்று ஒதுக்குவது நம் குடும்பங்களின் வழக்கம். ஓரிடத்தில் அவ்வழக்கம் உயிருக்கே ஊறாகும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சிறிதளவு உதிரம் தென்பட்டாலும் அதனை மாதவிடாய் என்று எண்ணலாகாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். ஆயினும் கருப்பை உட்படலப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். வலி இல்லையே என்று காத்திராமல், அந்த வாரத்திலேயே மகளிர் நோய் மருத்துவரைக் காண வேண்டும். ஸ்கேனும், தேவையானால் சிறு திசுப் பரிசோதனையும் செய்வார்கள்.