எட்டுக் கோடி டாலர் பேய்

பேய்க் கதை சொல்வதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். பேயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; ஆனால் பேயைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் நிறுத்திவிடக் கூடாது. இந்த ரகசியம் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரியும். ஹாலிவுட் முதலாளிகளுக்கு மட்டும் சில சமயங்களில் மறந்து போய்விடுகிறது. 1999-ஆம் வருஷம் வெளிவந்த 'தி ஹாண்டிங்' என்னும் அமெரிக்கப் படமே இதற்குச் சாட்சி.

படத்தின் மூலக் கதை சாமானியமானதல்ல. ஷர்லி ஜாக்ஸன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1959-இல் எழுதிய நாவல் அது. ஆவிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒருவர் சிலரை அழைத்துக்கொண்டு பழைய மாளிகை ஒன்றில் வந்து தங்குகிறார். வந்தவர்களில் எலினார் என்பவள், நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்வதிலேயே பதினொரு வருஷங்களைக் கழித்தவள். தனக்கென்று ஒரு வீடு இல்லை. தன்னை வேண்டுபவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவளை அந்த மாளிகை 'வா' என்று அழைக்கிறது. உண்மையிலேயே அழைக்கிறதா, அல்லது அன்புக்கு ஏங்கிய அவள் மனமே அப்படிக் கற்பித்துக்கொள்கிறதா? இந்தக் கேள்விதான் கதையின் உயிர்நாடி.

இதை 1963-இல் ராபர்ட் வைஸ் முதன்முதலில் படமாக்கினார். 'தி ஸவுண்ட் ஆஃப் மியூஸிக்' எடுத்த அதே டைரக்டர்தான். கறுப்பு வெள்ளைப் படம். செலவு பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல். அதில் பேய் ஒரு தடவைகூடக் கண்ணுக்குத் தென்படுவதில்லை. சுவருக்கு அப்பால் தடதடவென்று இடிக்கும் சத்தம் கேட்கிறது. அடைத்த கதவு ஒன்று மூச்சு விடுவதுபோல் உள்பக்கம் புடைத்துக்கொள்கிறது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று மரக்கட்டையால் அழுத்தினார், அவ்வளவுதான் தந்திரம்! இருட்டில் அழுகுரல் கேட்டுப் பயந்த எலினார், பக்கத்தில் இருக்கும் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால், தோழி அறையின் மறு கோடியில் இருக்கிறாள். அப்படியானால் அத்தனை நேரம் பற்றியிருந்தது யாருடைய கை? படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. வீட்டுக்குத் திரும்பி விளக்கை அணைத்த பிறகு, அந்தக் கேள்வி நம்முடனேயே படுத்துக்கொள்கிறது.

முப்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு ஜான் டி பான்ட் என்பவர் இதே கதையை மறுபடியும் எடுத்தார். 'ஸ்பீட்', 'ட்விஸ்டர்' முதலிய படங்களால் பெயர் பெற்றவர். செலவு 8 கோடி டாலர்! லியாம் நீஸன், காதரின் ஸீட்டா ஜோன்ஸ், லில்லி டெய்லர் ஆகியோர் நடித்தார்கள். பிரமாண்டமான ஆகாய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் மாளிகையின் உட்புறத்தை நிர்மாணித்தார்கள். அந்தக் கூடங்களும் படிக்கட்டுகளும் செதுக்கு வேலைகளும் மெச்சத்தக்கவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாளிகை கட்டியவர்கள் அதைச் சற்றுச் சும்மா இருக்க விட்டார்களா? இல்லை. மரத்தில் செதுக்கிய குழந்தைகள் தலையைத் திருப்புகின்றன. போர்வையில் முகம் முளைக்கிறது. சிலை, மேற்கூரை, கணப்படுப்பு என்று எல்லாமே ஆளைப் பிடிக்கப் புறப்படுகின்றன. கடைசியில், மாண்டுபோன மாளிகைச் சொந்தக்காரனே புகையுருவமாக வானளாவ எழுந்து நின்று கர்ஜிக்கிறான். யந்திரக் கணக்கினால் வரைந்த பேய் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு உயரம், இவ்வளவு பருமன் என்று கண் அளந்துவிட்ட பொருளிடத்தில் மனத்துக்குப் பயம் ஏது? பயத்தைப் பிறப்பிப்பது நமது கற்பனை. அதற்கு வேலையே கொடுக்காமல் சகலத்தையும் திரையிலேயே செய்து முடித்துவிட்டால், கொட்டாவிதான் மிஞ்சும்.

இத்தனைக்கும் உண்மையான பயங்கரம் ஒன்று இந்தப் படத்தின் கையிலேயே இருந்தது. மாளிகைச் சொந்தக்காரன் ஓர் ஆலை முதலாளி. ஏழைக் குழந்தைகளை வேலை வாங்கியே கொன்றவன். அந்தக் குழந்தைகளின் பெயர்கள் கொண்ட பழைய கணக்குப் புத்தகம் கதாநாயகியின் கையில் அகப்படுகிறது. தினந்தோறும் வருகைப் பதிவேட்டில் குழந்தைகளின் பெயரைப் படித்து 'உள்ளேன் ஐயா' என்ற குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு, படம் முழுவதிலும் உடல் சிலிர்த்த இடம் அது ஒன்றுதான். பெயர் இருக்கிறது, பதில் சொல்லக் குழந்தை இல்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மெய்யாகவே சிறுவர் சிறுமியர் ஆலைகளில் உழன்றார்கள். அந்தத் துயரத்தை ஐந்து நிமிஷமாவது நின்று பார்த்திருந்தால் படம் எங்கேயோ உயர்ந்திருக்கும். டைரக்டரோ புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த வேடிக்கைக்கு ஓடிவிடுகிறார்.

கதாநாயகிக்கு நேர்ந்த கதியும் இதுவே. பழைய படத்தில் அவள் நம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப்போல் இருந்தாள். வாய்விட்டுச் சொல்லாத அவளுடைய தனிமையே நம்மை நடுங்க வைத்தது. புதிய படத்தில் அவள் அந்த வம்சத்தின் வாரிசு என்று ஓர் உறவு முறையைக் கண்டுபிடித்து, குழந்தைகளின் ஆவிகளை மீட்கும் வீராங்கனையாக்கி, முடிவில் விண்ணுலகுக்கும் அனுப்பி வைக்கிறார்கள். லில்லி டெய்லர் மனப்பூர்வமாகத்தான் நடிக்கிறார். ஆனால் அட்டகாசத்துக்கு நடுவே அவருடைய முகத்தைப் பார்க்க யாருக்கு அவகாசம்?

படம் உலகமெங்கும் 17 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே சமயம், மோசமான படங்களைத் தேடிப் பிடித்துப் பரிகாசம் செய்யும் 'கோல்டன் ராஸ்பெரி'ப் பட்டியலில் ஐந்து இடங்களும் கிடைத்தன. இரண்டும் நியாயமே என்று நமக்குத் தோன்றுகிறது.

நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: உண்மையில் பயப்பட வேண்டும் என்று ஆசையிருந்தால் 1963-ஆம் வருஷத்துப் படத்தைப் பாருங்கள். நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால், இருக்கவே இருக்கிறது எட்டுக் கோடி டாலர் பேய்!